மூச்சை மிச்சம் பிடிக்கிறவர்கள்

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கடியில் எப்படி மூச்சு விடுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. சிரிக்காதீர்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் ஸ்கூபா பயிற்சிப் பள்ளி. பாடம் அங்கே. தண்ணீரில் இறங்கிப் பழகுவது திண்டிவனத்துக்கு அருகே, வயல் நடுவில் இருக்கும் ஒரு பெரிய கிணற்றில். அதெல்லாம் தேறிய பிறகுதான் புதுச்சேரிக் கடல். நான் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் இங்கே காற்று வகுப்பு எடுக்கிறேன். ஆழத்தில் நாம் இழுக்கும் காற்று உடம்பை என்ன செய்யும் என்பது என் பாடம்.

வரவேற்பு மேசையில் உட்கார்ந்து பொதுமக்களுக்குப் பதில் சொன்ன அனுபவம் உங்களுக்கு இருந்தால், நீங்கள் என் இனம். ஒரு விஷயத்தை எவ்வளவு சரியாகச் சொல்கிறோமோ அவ்வளவு சண்டை வரும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். எனக்குச் சண்டை பிடிக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அது அவதூறு. எனக்குப் பிடிக்காதது தப்பான விஷயத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது.

இந்தப் பருவத்தில் என் தொண்டை கட்டியதற்கு முக்கியமான காரணம் மேரி. கண்டமங்கலம் பக்கத்துப் பெண், வயதில் எனக்கு இளையவள். தினமும் கம்பெனி பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் சோப்பு டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தவள். அந்தமானில் ஒரு டைவிங் நிலையத்தில் உதவியாளர் வேலைக்கு அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே நிபந்தனை, மழைக்காலம் வந்து எங்கள் படகு கரையேறுவதற்குள் அவள் ஆழ்கடல் முழுக்கு வரை தேறிச் சான்றிதழ் வாங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். மேரிக்கு மறுபடியும் மூடி.

சுத்தமான ஆக்ஸிஜன் கேட்டவர்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருப்பவர் ஒருவர், தன் மகனைச் சேர்க்க விழுப்புரம் வரை வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். மூலையில் நின்ற சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "இதுல இன்னா இருக்குது?" என்றார். காற்று என்றேன். "காத்துன்னா?" "இதோ ஃபேன்ல வருதேங்க, அதேதான். வடிகட்டி, ஈரத்தை எடுத்துட்டு, அழுத்தி அடைச்சிருக்கோம்." அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஃபேன் காற்றை அடைத்து விற்கும் கும்பலிடம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டோமே என்று மகனை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் வேணாம்மா. என் பையனுக்கு சுத்தமான ஆக்ஸிஜனே போட்டுடுங்க. ஆஸ்பத்திரில வெக்கிறாங்களே, அது."

எழுந்தேன். போர்டை இழுத்தேன். நம் ஊர்க் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன், மீதி கிட்டத்தட்ட எல்லாமே நைட்ரஜன். கீழே போகப் போகத் தண்ணீர் அழுத்தும். அதற்கு ஈடாக நாம் இழுக்கும் காற்றும் நெருக்கமாகிக்கொண்டே போகும். சுத்தமான ஆக்ஸிஜனை வாயில் வைத்துக்கொண்டு இருபது அடிக்குக் கீழே போனால் அதுவே நஞ்சு. மூளை தாறுமாறாகி வலிப்பு வரும், வாயில் கவ்வியது நழுவும், அடுத்த மூச்சில் தண்ணீர்தான் உள்ளே போகும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உயிர் கொடுப்பது ஆழத்தில் உயிரை எடுக்கும் என்று படம் போட்டு, கோடு போட்டு, வியர்த்து விறுவிறுத்துச் சொல்லி முடித்தேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு கேட்டார். கடைசியில் தலையை ஆட்டி, என்னைக் கண்டிக்கும் குரலில் சொன்னார்:

"டீசல் வண்டிக்கு பெட்ரோல் ஊத்தற கதைன்னு ஒரே வார்த்தைல முடிச்சிருக்கலாமேம்மா, படிச்ச பொண்ணுதானே நீ?"

பிரியாணிப் போட்டி

எங்கள் முதலாளியும் பயிற்சியாளரும் ஒருவரேதான், பாலு சார். நல்ல மனிதர். ஆனால் கிணற்றுப் பயிற்சியில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லோரும் ஒரே நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு மேலே வந்ததும் சிலிண்டர் மீட்டரைப் பார்ப்பார். யார் சிலிண்டரில் காற்று அதிகம் மிச்சமோ அவருக்கு அன்று நெடுஞ்சாலை ஓட்டலிலிருந்து ஒரு பிரியாணி. பதறாமல் நிதானமாக இருப்பவர்களுக்குக் காற்று குறைவாகச் செலவாகும், அதை ஊக்குவிக்கத்தான் என்பது அவர் வாதம். நம் மக்களிடம் எதையாவது மிச்சம் பிடி என்று சொல்லிப் பாருங்கள், உயிரைக் கொடுத்து மிச்சம் பிடிப்பார்கள்.

முதல் நாளே மேரி ஜெயித்தாள். இரண்டாவது முறையும் மேரி. அவளுக்குத் தண்ணீர் புதிதில்லை. சின்ன வயதிலேயே ஊர்க் கிணறுகளில் விழுந்த குடம், ஸ்பேனர், மோட்டார் நட்டு எல்லாவற்றையும் முங்கி எடுத்துக் கொடுத்தவள். "பொறவி டைவர்மா இவ" என்று பாலு சாருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் கரையேறியதும் மேரி தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். நெற்றிப்பொட்டு தெறிக்கிறதாம், குமட்டுகிறதாம். சைனஸாக இருக்கும் என்றார் பாலு சார். வெயில் என்றார் ஒருவர். ஜெயித்த பிரியாணியை அவள் மோந்துகூடப் பார்க்காமல் எங்கள் வேன் ஓட்டும் ஏழுமலை அண்ணனிடம் கொடுத்துவிட்டாள். அவர் பொட்டலத்தைப் பிரித்தபடி மனதார வாழ்த்தினார்:

"நீ இப்டியே ஜெயிச்சிக்கினே இரு தாயி, நான் சாப்ட்டுக்கினே இருக்கறேன்."

மீதி நாலு பங்கு

ஏழுமலை அண்ணன் எங்களிடம் சேர்ந்த புதிது. முன்பு லாரி ஓட்டியவர். என் வகுப்பு நடக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்குவார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கம்ப்ரஸர் ரிப்பேர். காலிச் சிலிண்டர்களைப் புதுச்சேரியில் தெரிந்த இடத்தில் நிரப்பி வரச் சொல்லி அனுப்பியிருந்தார் பாலு சார். மறுநாள் காலை வேனிலிருந்து சிலிண்டர் இறக்கும்போது அண்ணன் சாதாரணமாக, "விக்கிரவாண்டி பங்க்ல ஜல்தியா முடிச்சிடலாம்னு பாத்தேன். அங்க ஏற மாட்டேன்னுடுச்சு. அப்புறந்தான் பாண்டி போனேன்" என்றார். பங்க்கில் என்ன ஏறவில்லை? டயருக்கு அடிப்பார்களே, அந்த நைட்ரஜன்!

கையிலிருந்த சிலிண்டரை அப்படியே கீழே வைத்தேன். வெறும் நைட்ரஜனை இழுத்தால் மூச்சு முட்டாது, தவிக்காது, எச்சரிக்கையே இருக்காது. நாலு மூச்சு நிம்மதியாக இழுத்துவிட்டு அப்படியே நினைவு போய்விடும். டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் அழுத்தம் எங்கள் சிலிண்டருக்குக் கால் தூசு, அதன் வாயும் இதில் பொருந்தாது. அதனால்தான் பிழைத்தோம். இருந்தாலும் அன்று எல்லாச் சிலிண்டரையும் திறந்து ஆக்ஸிஜன் சோதிக்கும் கருவியை வைத்துப் பார்த்த பிறகே யாரையும் இறங்க விட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருப்பதைப் பார்த்ததும்தான் எனக்குக் கத்தத் தெம்பு வந்தது. "யாருண்ணா உங்களை நைட்ரஜன் புடிக்கச் சொன்னது?" அண்ணன் ஆடவில்லை, அசையவில்லை. கையை நீட்டி என்னையே காட்டினார்:

"நீதான பாப்பா அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன்னு போர்டுல எழுதின? நாலை அங்க புடிச்சிட்டா மீதி ஒண்ணை ஆஸ்பத்திரில கேட்டு வாங்கிக்கலாம்னு பாத்தேன்."

லீவு கொடுத்த மேலாளர்

மேரியின் பேட்சில் ஒரு அலுவலக மேலாளரும் அவரிடம் வேலை பார்க்கும் குமாஸ்தாவும் சேர்ந்து வந்திருந்தார்கள். மேலாளர் கறார்ப் பேர்வழி. கிணற்று மேட்டில்கூட யாராவது ஈரத் துணியைத் தப்பான கொடியில் போட்டால் கண்டிப்பார். தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் லீவு கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தார் குமாஸ்தா. முதல் ஆழ்கடல் முழுக்கில் நூறு அடிக்குப் பக்கத்தில் போனார்கள். அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றில் இருக்கும் நைட்ரஜனே போதை ஏற்றிவிடும். சாராயம் குடித்தவன் போல ஒருவர் சிரிப்பார், ஒருவர் பயப்படுவார், ஒருவர் உலகத்தையே மன்னிப்பார். கொஞ்சம் மேலே ஏறி வந்தால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும், தலைச்சுற்றல்கூட மிஞ்சாது. எங்கள் மேலாளர் மன்னிக்கும் வகை. தண்ணீருக்குள் எழுதிக் காட்டுவதற்காக இடுப்பில் கட்டியிருக்கும் பலகையை எடுத்து, குமாஸ்தா முன்னால் நீந்திப் போய், "லீவு அனுமதிக்கப்படுகிறது" என்று எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த பாலு சார் அவர் கையைப் பிடித்து மெதுவாக மேலே கூட்டி வந்தார். படகில் ஏறியதும் மேலாளர் பழைய மேலாளர். தான் அப்படி எதுவும் எழுதவில்லை என்று சாதித்தார். குமாஸ்தா பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரும் வழக்காடிக்கொண்டிருக்க, படகின் மறுபக்கம் மேரி தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் அவள் சிலிண்டரில்தான் காற்று அதிகம் மிச்சம். அவளுக்குப் போதை ஏறவில்லை, கீழே எல்லாம் சரியாகத்தான் செய்தாளாம். ஆனால் பாலு சார் முகம் இறுகிவிட்டது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தபா இந்த மாதிரி தலவலி வந்துச்சுன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன் கயல். அந்தமான்ல போயி இந்தப் பொண்ணுக்கு எதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. அந்த நேரம் பார்த்து, எங்கள் பேச்சு எதுவும் காதில் விழாத குமாஸ்தா வந்து பணிவாக விசாரித்தார்:

"மேடம், மாசத்துக்கு ஒருவாட்டி எங்க ஆபீஸ் மீட்டிங்கை அந்த நூறு அடி ஆழத்துலயே வெச்சிக்க முடியுமா?"

குழாய் ஏறிய கதை

அந்த வாரம் முழுக்க நான் வகுப்பில் படித்ததைவிடத் தலைவலியைப் பற்றிப் படித்ததுதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை கிணற்றுக்குப் போனதும் குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். எங்கள் கம்ப்ரஸர் இருக்கும் கொட்டகைக்குப் பின்னால் பக்கத்து நிலத்துக்காரர் ஆயில் இன்ஜின் ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் புகை, கம்ப்ரஸர் காற்றை உறிஞ்சும் வாய்க்கு நேரே வந்துகொண்டிருந்தது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடு ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். ஆழத்தில் அதன் வேலை இன்னும் மோசம். தலைவலி, குமட்டல், எல்லாம் பொருந்துகிறது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நிலத்துக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டார். பாலு சார் உடனே குழாய் வாங்கி வரச் சொன்னார். அன்றே சொட்டு நீருக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றோடொன்று சொருகி, காற்று எடுக்கும் வாயை எதிர்த்திசையில் கொட்டகைக் கூரைக்கு மேலே உயரமாகக் கொண்டுபோய் வைத்தோம். சிலிண்டர்களைக் காலி செய்து புதிதாக நிரப்பினோம்.

நான் வெற்றி வீராங்கனையாக நின்றேன். மேரி இறங்கினாள், ஏறினாள், பிரியாணி ஜெயித்தாள், தலையைப் பிடித்துக்கொண்டாள். கிணற்றுத் தலைவலியைப் பாலு சார் கணக்கில் சேர்க்கவில்லை, கடலில் வந்தால்தான் முடிவு என்றார். அது ஒன்றுதான் ஆறுதல். குழாயை உயர்த்தியது சரியான காரியம், அதை இன்றைக்கும் வாதாடுவேன். ஆனால் அது மேரியின் தலைவலிக்குப் பதில் இல்லை. யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அதே காற்றை இழுத்த மற்ற நாலு பேரும் வரப்பில் உட்கார்ந்து சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்களே. ஏழுமலை அண்ணன் கையில் பொட்டலத்தோடு கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னார்:

"பைப்பு தென்னமரம் ஒசரத்துக்குப் போயிடுச்சு பாப்பா, அந்தப் பொண்ணு தலவலிதான் ஒரு இஞ்சுகூட எறங்கல."

இன்று மாலை ஃபிளைட்

நடுவில் ஒரு நாள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த ஒருவர், கல்யாணமான புதிது, மனைவிக்குத் தன் வீரத்தைக் காட்ட, பாலு சார் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் ஒரே ஒரு கடல் முழுக்கு வேண்டும் என்று வந்தார். எப்போது ஊருக்குத் திரும்புகிறீர்கள் என்று வழக்கம்போலக் கேட்டேன். காலையில் முழுக்கு, மாலையில் சென்னை விமான நிலையம், பெட்டி அவர் வந்த வண்டியிலேயே இருக்கிறதாம். முடியாது என்றேன். கீழே இருக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்கும், அது மெல்ல வெளியேறக் கிட்டத்தட்ட ஒரு நாளாவது வேண்டும், அதற்குள் விமானத்தில் உயரே போனால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும், மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம் என்றேன். அவர் முழுக்கைக் காலையில் இல்லாமல் விடியற்காலையில் வைத்துக்கொள்ளலாமா என்றார், ஆழத்தைக் குறைத்தால் ஆகாதா என்றார், ஜன்னல் சீட் வாங்காவிட்டால் பரவாயில்லையா என்றார். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், இரண்டு முறை சொன்னேன். ஒரு வழியாகப் பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போட்டார். மனைவி சிரித்த சிரிப்பைப் பார்த்தால் அதில் அந்தம்மாவுக்குச் சந்தோஷம்தான். போகும்போது அவர் கைகூப்பி ஒரு விண்ணப்பம் வைத்தார்:

"ரத்தத்துல சோடான்னு சொன்னா எங்க சூப்பர்வைசர் நம்ப மாட்டாருங்க, போன் போட்டுத் தர்றேன், என்கிட்ட போட்ட சண்டையை அப்டியே அவர்கிட்டயும் ஒருவாட்டி போட்டுடுங்க."

கிணற்றின் மேலே இருந்து பார்த்தால்

மழைக்கு முன் இன்னும் ஒரே ஒரு கடல் முழுக்குதான் மிச்சம் என்ற நிலை. அதற்கு முந்தைய வாரம் கிணற்றில் கடைசிப் பயிற்சி. வழக்கமாக நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அடுத்த வகுப்புக்குக் குறிப்பு எழுதுவேன். அன்று மனசு சரியில்லாமல் கிணற்றின் விளிம்பில் வந்து குந்திக்கொண்டேன். தண்ணீர் பச்சை, உள்ளே யாரும் தெரியவில்லை. ஆனால் குமிழிகள் தெரிந்தன. பாலு சாரையும் சேர்த்து ஆறு பேருக்கு ஆறு இடத்தில் குமிழிக் கொத்து. ஐந்து இடத்தில் உலை கொதிக்கிற மாதிரி ஒரு ஒழுங்கில் வந்துகொண்டே இருந்தது. ஓர் இடத்தில் மட்டும் துளியூண்டு குமிழி வந்தது. பிறகு தண்ணீர் அப்படியே கண்ணாடி. யாரோ செத்தேபோய்விட்டார்களோ என்று நான் எழுந்து நின்ற பிறகுதான் அடுத்த குமிழி. அந்த மூலையில் இறங்கியவள் மேரி.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அவள் மூச்சை விடவே இல்லை! பாலு சார் தண்ணீருக்குள் அவளுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி இருக்கிறார். கலங்கல் தண்ணீரில் அவருக்குத் தெரிவது அவள் விரல்களை வளையமாக்கிக் காட்டும் 'நல்லாருக்கேன்' மட்டும். காற்று குறைவாகச் செலவானதை அவர் திறமை என்று எடுத்துக்கொண்டார். நாம் வெளியே விட வேண்டிய கரியமிலவாயுவை விடாமல் பூட்டி வைத்தால் அது ரத்தத்தில் ஏறும். ஆழத்தில் காற்று கனமாக இருப்பதால் தள்ளி வெளியேற்றுவதும் கஷ்டம். அதுதான் தெறிக்கிற தலைவலி, அதுதான் குமட்டல். அதற்கு மேலும் போனால் மயக்கம். மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையைக் கொடுப்பதே அந்த வாயுதான். மேரியோ சின்ன வயதிலிருந்து கிணறு கிணறாக இறங்கி அந்த எச்சரிக்கையைச் சட்டை செய்யாமல் இருக்கப் பழகியவள். அவள் மேலே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "மூச்சை அடக்கக் கூடாதுன்னு பரீட்சைல முத்து முத்தா எழுதினியேடி!" என்று கத்தினேன். அவள் ஈரத் தலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்:

"நான் எங்கக்கா அடக்கினேன், கொஞ்சம் பாத்து பாத்துதான விட்டுக்கினு இருந்தேன்?"

பாலு சாரோடு ஒரு வழக்கு

அன்று வேனில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும்வரை வழக்கு நடந்தது. பிரியாணிப் போட்டியை நிறுத்த வேண்டும் என்பது என் கட்சி. "அது ஒரு ஜாலிக்குத்தாம்மா. அதுலயே எவ்ளோ பேரு நிதானம் கத்துக்கினாங்க தெரியுமா?" என்றார் பாலு சார். நிதானமாக மூச்சு விடுவது வேறு, விடாமலே இருப்பது வேறு. உங்கள் மீட்டருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது, தப்பானதற்குப் பரிசு கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று தீர்ப்பும் நீங்களே சொல்கிறீர்கள் என்றேன். மூச்சை அடக்கிக்கொண்டே ஒருநாள் மேலே ஏறினால் உள்ளே காற்று விரிந்து நுரையீரல் கிழியாதா என்றேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வரிசையில் நின்றபோது பாலு சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் அப்படித் திரும்பினால் யோசிக்கிறார் என்று அர்த்தம். ஊர் வந்து இறங்கும்போது, "இனிமே போட்டி கிடையாது. மேரிக்கு நீ என்ன சொல்லித் தரணுமோ சொல்லிக் குடு. ஆனா கடல்ல தலவலி வந்தா நான் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

எதைச் சொல்லித் தருவது? 'நீளமாக மூச்சை விடு' என்றால் விடுகிறாள், மறுநிமிடம் மறந்துவிடுகிறாள். வறுத்த மல்லாட்டை வாங்கி வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, தோல் பறக்க ஊதினேன். ஊதிய மூச்சு முழுக்கக் காலியானபோதுதான் உறைத்தது. அவள் கையிலும் ஒரு பிடி கொடுத்தேன். தோல் எல்லாம் போகிற மாதிரி, வேகமாக இல்லாமல், கடைசி வரை ஊது. தண்ணீருக்குள்ளும் ஒவ்வொரு தடவையும் கையில் மல்லாட்டை இருக்கிறதாக நினைத்துக்கொள். நாள் முழுக்க இரண்டு பேரும் ஊதினோம், வகுப்பறை முழுக்கச் சிவப்புத் தோல். பெருக்க வந்த ஏழுமலை அண்ணன் துடைப்பத்தோடு வாசலில் நின்று மனம் நொந்து கேட்டார்:

"என் பிரியாணிய ஒழிச்சது பத்தாதுன்னு, எனக்கு இந்த வேலையும் வெச்சியா பாப்பா?"

கடைசிப் படகு

வானம் மூட்டமாக இருந்தது. அதற்கு மறுவாரம் படகு கரையேறப் போகிறது. எனக்கு அலையில் தலை சுற்றும், இருந்தாலும் போனேன். மேரி படகு விளிம்பில் உட்கார்ந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தாள். பாலு சாரும் மற்றவர்களும் பின்னாலேயே இறங்கினார்கள். குமிழியைப் பார்க்கலாம் என்றால் கடல் கிணறு இல்லையே, எல்லாம் நுரைதான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடம் எனக்குத் தெரியும். கல்லூரிக்குப் போகும்போது பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். நின்றுகொண்டே தூங்குவாள்.

எல்லோருக்கும் முன்னால் மேலே வந்தது மேரியும் பாலு சாரும். கம்பியை விட்டுவிட்டு விளிம்புக்கு ஓடினேன். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்களே, மறுபடியும் தலைவலியா? படகில் ஏற்றியதும் பாலு சார் அவள் மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அத்தனை பேரிலும் அவள் காற்றுதான் சீக்கிரம் தீர்ந்து, திரும்ப வேண்டிய அளவுக்கு வந்துவிட்டதாம். ஒழுங்காகச் சைகை காட்டி, நைட்ரஜன் கழிய நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, சொன்ன மாதிரி மேலே வந்திருக்கிறாள். மேரி முகமூடியைக் கழற்றினாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் கை தலைக்குப் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கை மூக்கைத் துடைத்தது, முடியை ஒதுக்கியது, பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டது. "வலிக்குதாடி?" என்றேன். "எது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன், கரை வந்த பிறகும் கேட்டேன். இல்லை, இல்லை, இல்லவே இல்லை. பாலு சார் படகுத்துறையிலேயே, என் முதுகைப் பலகையாக வைத்துச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனா முதுகில் ஓடியபோது இத்தனை வாரம் அடைத்துக்கொண்டிருந்த என் மூச்சும் வெளியே போனது. மேரி அந்தத் தாளை வாங்கி ஈரம் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னாள்:

"கீழ அவ்ளோ மீனு இருக்குதுக்கா, இத்தனை நாளா நான் ஒண்ணைக்கூட பாக்கல, மூச்சைப் பாத்துக்கினே இருந்துட்டேன்."

பிறந்த நொடியிலிருந்து யாரும் சொல்லித் தராமல் செய்கிற ஒரே காரியத்தை ஒரு பெண்ணைச் செய்ய வைக்க, எனக்கு இயற்பியலும், ஒரு முதலாளியோடு டோல்கேட் வரை சண்டையும், அரைப்படி மல்லாட்டையும் தேவைப்பட்டன என்பதிலிருந்து, படிப்பு வீண் என்பவர்களும் வீணில்லை என்பவர்களும் அவரவர் முடிவுக்கு வந்துகொள்ளலாம், ஆனால் என்னிடம் வந்து சொன்னால் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.